இருபத்தாறு நடை

1

இராமேஸ்வரம் தீவில் பிறந்தவள் என்று என்னைப் பற்றி எழுதுவது இதுவே முதல் முறை. இங்கிலாந்துக்கு வந்து ஏழு ஆண்டுகள் ஆகின்றன; கடைசி இரண்டு ஆண்டுகளாக, ஊர் எது என்று கேட்ட எல்லோரிடமும் மதுரை என்றே சொல்லியிருக்கிறேன். வெள்ளைக்காரர்களுக்கு மதுரையும் ஒன்றுதான், எங்கள் தீவின் தங்கச்சிமடமும் ஒன்றுதான். நான் பொய் சொன்னது ஒரே ஒரு தமிழ்ப் பெண்ணிடமிருந்து தப்பிக்க. மற்றவர்களிடம் சொன்னதெல்லாம் அந்த ஒரு பொய்க்குக் காவல்.

அதை எழுதுவதற்கு முன் என் வேலையைச் சொல்ல வேண்டும். வேலைதான் என்னைக் காட்டிக்கொடுத்தது.

நான் படித்தது சிவில் டிப்ளமோ. பிறகு கணினியில் வரைபடம் போடக் கற்றுக்கொண்டேன். திருமணமாகி இங்கே வந்தபின் இந்த மாவட்டத்தின் ஆவணக் காப்பகத்தில் ஒப்பந்த வேலை கிடைத்தது. என் நாள் ஒரு பட்டியல். ஆறு மணிக்கு எழுவது. ஏழுக்குள் மகள் ரீனாவின் சாப்பாட்டுப் பெட்டி. எட்டரைக்குப் பள்ளி வாசல். ஒன்பதே முக்காலுக்குக் காப்பகத்தின் பின்வாசலில் கையெழுத்து. அதன்பின் மாலை வரை கணினியில் கோடு இழுப்பது. கோடு என்றால் எல்லைக் கோடு. எழுநூறு, எண்ணூறு ஆண்டுகளுக்கு முன் இருந்து, இன்று யாருக்கும் தேவைப்படாத எல்லைகள்.

2

இங்கிலாந்தில் பழைய காலத்தில் ஒவ்வொரு மாவட்டத்தையும் சிறு சிறு பிரிவுகளாகப் பிரித்திருந்தார்கள். நம் பிர்கா போல என்று வைத்துக்கொள்ளலாம். அந்தப் பிரிவின் பெயர் ‘ஹண்ட்ரட்’. அதாவது நூறு. ஏன் நூறு என்பதில் அறிஞர்களுக்குள் ஒற்றுமை இல்லை. நூறு குடும்பம் பிழைக்கத் தேவையான நிலம் என்கிறார்கள் சிலர். எண்ணிப் பார்த்தால் பெரும்பாலான நூறுகளில் நூறு எதுவுமே இருக்காது.

இந்த வேலை கிடைத்த புதிதில் என் அய்யாவிடம் தொலைபேசியில் இதைச் சொன்னேன். அய்யா என்றால் அப்பா. ஊரில் வள்ளம் வைத்திருந்தவர், இப்போது கரையில் இருக்கிறார்.

“நூறுக்கு எல்லை போடுறேன்யா.”

“நூறு ஏக்கருக்கா?”

“இல்ல.”

“நூறு வீட்டுக்கா?”

“இல்லய்யா. பேருதான் நூறு. எண்ணுனா இருக்காது.”

அய்யா சற்று யோசித்தார். “அப்ப நம்ம பஞ்சாயத்து மாதிரின்னு சொல்லு. பேரு அஞ்சு பேரு. பேசுறது ஒருத்தன்.”

அவர் சொன்னது பெரிதாகத் தப்பில்லை. நூறின் முதன்மையான வேலை கூடிப் பேசுவதுதான். எனக்குக் கிடைத்த நூறின் கூட்டம் நான்கு வாரத்துக்கு ஒரு முறை, ஒரு மேட்டின் மேல் இருந்த முள்மரத்தடியில் நடந்தது. கட்டடம் கிடையாது. மழை பெய்தால் நனைந்துகொண்டே பேசுவார்கள். பன்னிரண்டு வயது தாண்டிய ஆண்பிள்ளைகளைப் பத்துப் பத்துப் பேராகச் சேர்த்திருந்தார்கள். ஒருவன் தப்பு செய்து ஓடிவிட்டால் மற்ற ஒன்பது பேரும் பதில் சொல்ல வேண்டும். எங்காவது களவோ கொலையோ கண்டவர் உடனே கூக்குரல் எழுப்ப வேண்டும். காதில் விழுந்தவர்கள் கையில் இருந்ததைப் போட்டுவிட்டு ஓடிவர வேண்டும். ஓடிவராத ஊருக்குத் தண்டனை.

இதைப் படித்தபோது எனக்குப் பெருமையாக இருந்தது. எங்கள் கரையிலும் இதே வழக்கம்தான். ஒரு படகு கரை திரும்பாவிட்டால் கோயில் மணி அடிப்பார்கள். அன்று யாரும் மீனுக்குப் போகமாட்டார்கள், தேடத்தான் போவார்கள். போகாதவன் வீட்டில் நல்லது கெட்டதுக்கு ஊர் வராது. இவ்வளவு தூரம் தள்ளி, இவ்வளவு காலத்துக்கு முன், இவர்களும் எங்களைப் போலத்தான் என்று நினைத்துக்கொண்டேன். இன்னும் படித்தபோது இன்னும் எங்களைப் போலவே இருந்தார்கள்.

நூறுகளை யாரும் சட்டம் போட்டு ஒழிக்கவில்லை. அவற்றின் வேலைகளை வேறு வேறு அலுவலகங்கள் எடுத்துக்கொண்டன. கடைசியில் பெயரும் கோடும் மட்டும் மிஞ்சின. 1974-இல் இந்த நாட்டின் மாவட்ட எல்லைகளையே மாற்றி வரைந்தபோது என் நூறின் ஒரு மூலை பக்கத்து மாவட்டத்துக்குப் போய்விட்டது. அதே ஆண்டில் எங்கள் கடலிலும் இரண்டு நாடுகளுக்கு நடுவே ஒரு கோடு போட்டார்கள். அதைப் பற்றி எத்தனையோ பேர் எழுதிவிட்டார்கள். நான் எழுத வந்தது அதைவிடச் சிறிய கோடு.

3

காப்பகத்தில் என் மேலாளர் பெயர் மார்கரெட். ஓய்வு பெறும் வயது. பழைய லத்தீன் சுருள்களை ஆங்கிலத்தில் பெயர்த்து என்னிடம் தருவது அவர் வேலை. அதில் வரும் இடங்களை வரைபடத்தில் குறித்து, விவரங்களை அட்டவணையில் ஏற்றுவது என் வேலை. இந்தக் கோடையில் வந்தவை சாவு விசாரணைச் சுருள்கள். அட்டவணைக்கு நானே தலைப்புகள் கொடுத்தேன்:

1. இறந்தவர் பெயர்
2. உடல் கிடந்த இடம்
3. முதலில் கண்டவர்
4. கூக்குரல் எழுப்பினாரா
5. இறந்தவர் இன்னார் என்று சாட்சி சொன்ன உறவினர்
6. ஊருக்கு விதித்த தண்டம்

ஐந்தாவது தலைப்புக்கு விளக்கம் தேவை. பிரான்ஸிலிருந்து வந்து இந்த நாட்டைப் பிடித்த அரசர்கள் தங்கள் ஆட்கள் மறைவில் கொல்லப்படுவதற்கு அஞ்சினார்கள். ஆகவே கொலையுண்ட உடல் கிடைத்தால் அது வெளியிலிருந்து வந்தவரின் உடல் என்றே வைத்துக்கொள்வார்கள். அந்த நூறு முழுவதும் தண்டம் கட்ட வேண்டும். இல்லை, இவன் உள்ளூர்க்காரன்தான் என்று தந்தை வழியிலும் தாய் வழியிலும் உறவினர்கள் வந்து சாட்சி சொன்னால் தண்டம் இல்லை. சாட்சி சொல்ல உறவு இல்லாதவன் அந்நியன். சில காலம், தண்ணீரில் மூழ்கிச் செத்தவர்களுக்கும் இதே கணக்கைப் பிடித்திருக்கிறார்கள்.

ஒரு சுருளில், எல்லை ஓடையின் கரையில் கிடந்த பெயர் தெரியாத ஒருவனைப் பற்றி இருந்தது. முதலில் கண்டவள் ஒரு விதவை. அவள் கூக்குரல் எழுப்பவில்லை. ஊர் ஆட்கள் அவனை ஓடைக்கு அந்தப் பக்கம், அடுத்த நூறுக்குள், இழுத்துப் போட்டிருக்கிறார்கள். பின்னால் அது தெரியவந்து விசாரணை நடந்திருக்கிறது.

அட்டவணையில் இதற்கு இடமில்லையே என்று மார்கரெட்டிடம் கேட்டேன்.

“நகர்த்தப்பட்டதா என்று ஏழாவதாக ஒன்று சேர்த்துவிடு” என்றார். “நிறைய வரும். அந்தக் காலத்தில் உயிரோடு இருந்தவர்களைவிடப் பிணங்கள்தான் அதிகம் பயணம் செய்தன.”

அவர் சிரித்தார். நானும் சிரித்தேன். ஏழாவது தலைப்பைச் சேர்த்தேன். முதல் வரிசையில் ‘ஆம்’ என்று அடித்தேன். அதற்கு அடுத்த வரிசைக்கு என்னால் போக முடியவில்லை. கழிப்பறைக்குப் போய்க் கதவைத் தாழிட்டுக்கொண்டு வெகுநேரம் உட்கார்ந்திருந்தேன்.

4

தொண்ணூற்றாறில் எனக்குப் பத்தொன்பது வயது. எங்கள் ஊரிலிருந்து பாலிடெக்னிக்குக்குப் போன முதல் பெண் நான். தேர்வுக்கு முன் படிக்க விடுமுறை விட்டிருந்தார்கள். வாடைக்காற்று தொடங்கியிருந்தது. அந்த ஆண்டு அக்கரையிலிருந்து மறுபடியும் அகதிகள் வந்துகொண்டிருந்தார்கள். தனுஷ்கோடி மணல்திட்டில் இறக்கிவிடப்பட்டவர்கள், குழந்தையும் மூட்டையுமாக நடந்து வருபவர்கள், அவர்களை ஏற்றிப்போகும் வண்டிகள் எல்லாம் எங்களுக்கு அன்றாடக் காட்சி. வராமல் போனவர்களும் இருந்தார்கள். அவர்களில் சிலரைக் கடல் கொண்டுவந்து போட்டது.

சில மாதங்களுக்கு முன் அப்படி ஓர் உடல் எங்கள் கரையில் ஒதுங்கியது. ஊர் முறையாகப் போலீசுக்குத் தகவல் சொன்னது. அதற்குப் பிறகு எங்கள் ஆண்கள் தினமும் ஸ்டேஷனுக்குப் போய் உட்கார வேண்டியிருந்தது. யார் படகில் வந்தான், எவ்வளவு வாங்கினீர்கள், எங்கே கவிழ்ந்தது என்று கேள்வி. ஒன்பது நாள் ஒரு படகும் இறங்கவில்லை. எங்கள் வீட்டில் அந்த ஒன்பது நாளும் கஞ்சிதான்.

இப்படியிருக்க, ஒரு நாள் காலையில் அய்யா கரைக்குப் போனவர் உடனே திரும்பி வந்தார். டீயைத் தொடவில்லை. கோயில் மணியையும் அடிக்கச் சொல்லவில்லை. நேராக ஊர்த்தலைவர் வீட்டுக்குப் போனார். சற்று நேரத்தில் பத்துப் பன்னிரண்டு ஆண்கள் கரையில், ஒதுங்கிக் கிடந்த இன்னோர் உடலைச் சுற்றி நின்றார்கள். நானும் போனேன். யாரும் என்னைத் தடுக்கவில்லை.

“பாவம்ல மச்சான்” என்று அய்யா தலைவரிடம் சொல்லிக்கொண்டிருந்தார். “நாமளே எடுத்து அடக்கிருவோமே.”

“அடக்குனாலும் கேப்பான்லே சூசை. யாரக் கேட்டு அடக்குனன்னு கேப்பான்.” தலைவர் என் பக்கம் திரும்பினார். “ஏ செல்வி, இங்கன வா. நீ அளக்குற படிப்புத்தானே படிக்கிற?”

“ஆமா மாமா.”

“நம்ம ஊரு எல்லை எங்கன முடியுது, சொல்லு பாப்போம்.”

“அந்தா, தாழைக்கிட்ட சர்வே கல்லு நிக்குதுல்ல. அதுலருந்து நேரா கடலுக்கு.”

“அப்ப இது?”

சங்கிலி, டேப் எதுவும் இல்லாமல் தூரம் அளக்க எங்களுக்கு ஒரு பாடம் உண்டு. சீராக நடந்து காலடியை எண்ணுவது. என் ஒரு நடை இரண்டரை அடி. கல்லூரி மைதானத்தில் பல முறை நடந்து சரிபார்த்த அளவு. கல்லுக்கு நேரே கடலோரம் போய் நின்று, அங்கிருந்து எண்ணிக்கொண்டு வந்தேன். தலையைக் குனிந்து, எட்டு வைப்பது சிறிதாகவோ பெரிதாகவோ போய்விடாமல், என் பாதங்களையே பார்த்துக்கொண்டு வந்தேன்.

“இருபத்தாறு நடை மாமா. அறுபத்தஞ்சு அடி. நம்ம எல்லைக்குள்ளதான் கெடக்கு.”

“அறுபத்தஞ்சு அடிதானா” என்றார் தலைவர்.

பின்னாலிருந்து யாரோ, “கவர்மெண்டு சர்வேயரு வந்தாக்கூட இம்புட்டு வெரசாச் சொல்ல மாட்டான்யா” என்றார். இரண்டு மூன்று பேர் சிரித்தார்கள். அய்யாவும் லேசாகச் சிரித்தார்.

எனக்கு அப்போது மகிழ்ச்சியாக இருந்தது. இதை எழுதாமல் விட்டால் மற்றதை எழுதிப் பயனில்லை. ஊர் ஆண்கள் என்னிடம் ஒன்றைக் கேட்டு, நான் சரியாகச் சொன்னேன். அதுதான் என் வாழ்க்கையின் முதல் அளவை வேலை.

தார்ப்பாய் கொண்டுவந்தார்கள். “நீ வீட்டுக்குப் போ, படி” என்றார் அய்யா. போய்ப் படித்தேன்.

மதியத்துக்கு மேல் அடுத்த ஊரின் கோயில் மணி அடித்தது. அவர்கள் தகவல் சொன்னார்கள். அவர்களுடைய ஆண்கள் ஸ்டேஷனில் உட்கார்ந்தார்கள். எத்தனை நாள் என்று நான் எண்ணவில்லை. விசாரணை முடிந்து உடலைத் தந்தபோது அவர்களே தங்கள் கல்லறைத் தோட்டத்தின் ஓரத்தில் குழி வெட்டி, பெயர் எழுதாத சிலுவை ஒன்றை நட்டார்கள். பூசையும் வைத்தார்களாம். எங்கள் ஊரிலிருந்து ஒருவரும் போகவில்லை. ஒவ்வொரு ஆண்டும் எங்கள் கோயில் சப்பரத்துக்குத் தோள் கொடுக்க அந்த ஊர் ஆட்கள் வருவது வழக்கம். அந்த ஆண்டு அவர்கள் வரவில்லை. ஏன் என்று எங்கள் ஊரில் யாரும் கேட்கவில்லை.

5

வதனி அக்கா ரீனாவின் பள்ளியில் மதிய உணவு பரிமாறுபவர். மன்னார் பக்கம் பேசாலையைச் சேர்ந்தவர். ரீனா பள்ளியில் சேர்ந்த முதல் நாள், வாசலில் நான் மகளை அதட்டிய தமிழைக் கேட்டு அருகில் வந்தார்.

“நீங்கள் இந்தியாவே? எந்த இடம்?”

நான் வாயைத் திறப்பதற்குள் அவரே தொடர்ந்தார். “இராமேஸ்வரம் பக்கம் தெரிஞ்ச ஆக்கள் ஆரும் இருக்கினமே? என்ட தம்பி அங்கதான் வெளிக்கிட்டவன். தொண்ணூற்றாறிலை, மழை காலத்திலை. போய்ச் சேந்தானோ இல்லையோ எண்டு இன்னும் தெரியேல்லை.”

“நாங்க மதுரைங்க” என்றேன்.

“மதுரை தூரம் என்ன?”

“தூரந்தான்.”

பொய்யை இவ்வளவு சுருக்கமாகச் சொல்ல முடியும் என்று அன்றுதான் எனக்குத் தெரிந்தது. அதன்பின் கணவரின் அலுவலக நண்பர்கள், கோயில் ஆட்கள், எல்லோரிடமும் மதுரை. ரீனாவிடமும் மதுரை. வகுப்பில் அவள் சுவரில் ஒட்டிய இந்திய வரைபடத்தில் மதுரைக்கு மேல் ஒரு நட்சத்திரம் ஒட்டி வைத்திருக்கிறாள்.

வதனி அக்கா அதற்குப் பிறகும் எங்களை விடவில்லை. ரீனா சோறு மிச்சம் வைத்தால் எனக்குச் சேதி வரும். காய்ச்சல் என்றால் ரசம் வரும். என்னை ‘செல்வி’ என்றும், சில நாட்களில் ‘நீங்கள்’ போய் உரிமையோடு ‘நீர்’ என்றும் சொல்லத் தொடங்கினார். ரீனாவின் தமிழ் மெல்ல அவருடைய தமிழாகிவிட்டது. ஒரு நாள் வீட்டுக்கு வந்து, “அம்மா, நான் இண்டைக்கு ஒரு படம் கீறினனான்” என்றாள்.

“கீறுறதுன்னா கத்தியால கீறுறது. வரைஞ்சேன்னு சொல்லு.”

“வதனி ஆன்ட்டி கீறுறது எண்டுதானே சொல்றவ.”

எங்கள் ஊரில் கீறுவது மீனைத்தான். உப்பு ஏறுவதற்காகக் கீறுவார்கள். அதை அவளுக்கு விளக்கத் தொடங்கி, பாதியில் நிறுத்திக்கொண்டேன். அவள் யாரிடமாவது சொல்லி, மதுரையில் வளர்ந்தவளுக்கு அது எப்படித் தெரியும் என்று அவர்கள் கேட்பார்கள் என்று பயம். ஆறு வயதுக் குழந்தையிடம் பயம்.

6

இந்த ஆண்டு மே மாதத்தில் அங்கே போர் முடிந்துவிட்டது என்று செய்தி வந்தது. அதற்குப் பிறகு வதனி அக்கா மறுபடியும் தம்பியைத் தேடத் தொடங்கினார். காணாமற்போனவர்களைப் பற்றி விவரம் சேர்க்கும் ஓர் அமைப்பிடமிருந்து எட்டுப் பக்கப் படிவம் ஒன்றை வாங்கிவந்தார். ஆங்கிலப் படிவம். “உமக்குத்தான் உந்தப் பெட்டி பெட்டியா நிரப்பிறது கைவந்த வேலை” என்று ஒரு சனிக்கிழமை எங்கள் வீட்டுச் சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்தார். நான் சுருள்களின் அட்டவணையைச் செய்துகொண்டிருந்த அதே வாரம்.

பெயர்: அன்ரன். வயது அப்போது இருபத்தொன்று. கடைசியாகப் பார்த்த இடம்: பேசாலைக் கரை. போக நினைத்த இடம்: இராமேஸ்வரம். நான் எழுதிக்கொண்டே போனேன்.

“என்ன உடுப்புன்னு கேக்குறாங்க அக்கா.”

“தெரியாது. நான் அப்ப கொழும்பிலை. அம்மாவுக்குத் தெரிஞ்சிருக்கும். அம்மா இல்லை இப்ப.”

ஏழாம் பக்கத்தில் ஒரு கேள்வி. இவரைப் பற்றித் தகவல் தெரிந்திருக்கக்கூடியவர்கள் யாராவது உண்டா, அவர்களின் பெயரும் முகவரியும்.

“ஆரும் இல்லை எண்டு எழுதும்” என்றார் வதனி அக்கா.

எழுதினேன். அந்த மேசையில், அவர் எதிரில், தெளிவான கையெழுத்தில், யாரும் இல்லை என்று எழுதினேன். திங்கட்கிழமை நானே தபாலில் போட்டுவிடுகிறேன் என்று வாங்கி வைத்துக்கொண்டேன்.

போடவில்லை. திங்கள், செவ்வாய், புதன் மூன்று நாளும் உறை என் பையில் இருந்தது. புதன்கிழமை மதியம் காப்பகத்தின் வண்டி நிறுத்தும் இடத்தில் நின்று ஊருக்குப் பேசினேன்.

“அய்யா, அந்தத் தார்ப்பாயில தூக்குனது ஞாபகம் இருக்கா?”

எந்தத் தார்ப்பாய் என்று அவர் கேட்கவில்லை. “இப்ப எதுக்குத் தாயி அது?”

“கேக்குறதுக்கு ஆள் வந்திருக்கு.”

“போலீசா?”

“இல்லய்யா. அக்கா. அவரா இருந்தா, அவரோட அக்கா. என்ன சட்டை, எம்புட்டு உயரம், உங்களுக்கு எதுவும் தெரியுமா?”

“நான் கால்மாட்டுல பிடிச்சேன். மொகத்தப் பாக்கல. பாத்திருந்தா தூக்கியிருக்க முடியாது.” பிறகு மெதுவாகச் சொன்னார். “இடது கால் பெருவெரல்ல நகம் இல்ல. அது மட்டும் கண்ணுல நிக்கிது.”

“அடக்குன எடம் இன்னும் இருக்காய்யா?”

“இருக்கும்.”

“பாத்திருக்கீங்களா?”

“அந்தக் கல்லத் தாண்டி நான் போயி எத்தனை வருசமாச்சு. நீயே சொல்லு.”

பதின்மூன்று. அவருக்கும் தெரியும். தொலைபேசியை வைத்துவிடப் போகிறவர் போல, “ஒன் பேரச் சொல்லாத தாயி. சூசைதான் பாத்தான், சூசைதான் தூக்குனான்னு எழுதிக்க” என்றார்.

இதை இங்கே எழுதியிருப்பதால் அவர் கேட்டதை நான் செய்யவில்லை என்பது உங்களுக்குத் தெரிந்திருக்கும்.

7

அடுத்த நாள் மாலை ரீனாவையும் கூட்டிக்கொண்டு வதனி அக்கா வீட்டுக்குப் போனேன். சொல்ல வேண்டியதைக் காப்பகத்தில் உட்கார்ந்து ஒரு தாளில் வரிசையாக எழுதி வைத்திருந்தேன். ஒன்று, நான் மதுரை இல்லை. இரண்டு, அன்று காலை நடந்தது. மூன்று, அடுத்த ஊரில் உள்ள கல்லறை. நான்கு, இது அவர் தம்பிதான் என்று சொல்ல என்னிடம் எதுவும் இல்லை.

அவர் கூடத்தில் துவைத்த துணி மடித்துக்கொண்டிருந்தார். நான் தாளைப் பார்க்காமலே நான்கையும் சொன்னேன். வரிசை மாறவில்லை. அவர் ஒரு துணியை மடித்து முடித்தார். அடுத்ததை எடுக்கவில்லை.

“மதுரை எண்டு சொன்னீர்.”

“ஆமாக்கா.”

“ரெண்டு வருசம்.”

“ஆமா.”

மேசையடியில் படம் போட்டுக்கொண்டிருந்த ரீனா நிமிர்ந்து பார்த்தாள். “நாங்க மதுரைதானேம்மா?”

“இல்ல” என்றேன்.

வதனி அக்கா கேட்டார்: “நெடுவலான ஆளே?”

“தெரியாதுக்கா.”

“தலைமயிர்? சுருளோ?”

“தெரியாது.”

“என்ன நிறச் சேட்டு?”

“தெரியாது. நான் அவரைப் பாக்கல. நடை எண்ணிக்கிட்டு வந்தேன். என் காலத்தான் பாத்தேன்.” அய்யா சொன்ன நகத்தைப் பற்றிச் சொன்னேன்.

அவர் கண்ணை மூடி நினைத்துப் பார்த்தார். முகம் ஒரு முறை சுருங்கி விரிந்தது. “தம்பியின்ட கால் நகத்தை ஆர் பாத்து வைச்சிருக்கிறது” என்றார்.

நான் பையிலிருந்து உறையை எடுத்து ஏழாம் பக்கத்தைக் காட்டினேன். ‘யாரும் இல்லை’ என்று எழுதியதை அடித்துவிட்டு என் பெயரை எழுதியிருந்தேன். அடைப்பில் இரண்டு முகவரி: இங்குள்ள வீடு, எங்கள் ஊர். அதன் கீழே அய்யாவின் பெயர். அதற்கும் கீழே, உடலைப் பார்த்தவர்கள் அடுத்த ஊர் ஆட்கள் என்றும், விசாரணைக் காகிதத்தில் இடம் தவறாக இருக்கும், சரியான இடம் எது என்றும் எழுதியிருந்தேன். அவர் அதை வாங்கிப் படித்தார். ஆங்கிலம் என்பதால் நேரம் எடுத்தது. என்னைத் திட்டுவார் என்று எதிர்பார்த்திருந்தேன். அதற்கு என்ன பதில் சொல்வது என்றுகூட யோசித்து வைத்திருந்தேன்.

“படம் கீறித் தாரும்” என்றார்.

ரீனா தன் மெழுகுப் பென்சில்களைத் தள்ளிவைத்தாள். நான் கடல் போட்டேன். கரை போட்டேன். தாழை, சர்வே கல், அடுத்த ஊர்க் கோயில், அதன் பின்னால் கல்லறைத் தோட்டம், அதன் ஓரத்தில் ஒரு சிலுவை. வேலையில் ஒரு நாளைக்கு நூறு கோடு இழுக்கிறவள். அன்று கல்லிலிருந்து கடலுக்குப் போகும் எல்லைக் கோடு இரண்டு முறை வளைந்தது. கோட்டுக்கு இந்தப் பக்கம் ஒரு புள்ளி வைத்தேன். அந்தப் பக்கம் ஒரு புள்ளி.

வதனி அக்கா முதல் புள்ளியில் விரலை வைத்தார். “இது?”

“இங்கதான் கிடந்தார். எங்க ஊர்.”

“இதிலை இருந்து கோட்டுக்கு எவ்வளவு?”

“இருபத்தாறு நடை.”

“உம்மட நடையே?”

“ஆமா. என் நடைதான்.”

“அப்ப நீர் நடவும்.”

எனக்கு முதலில் புரியவில்லை. அவர் கூடத்தின் சுவரோரம் கையைக் காட்டினார். போய் நின்றேன். அன்று நடந்தது போலவே நடந்தேன். அவர் என் பக்கத்திலேயே எண்ணிக்கொண்டு வந்தார். கூடமும் அதை ஒட்டிய இடைவழியும் சேர்ந்து பதினொன்றுக்கு மேல் இடம் தரவில்லை. அவர் வாசற்கதவைத் திறந்தார். படியில் இறங்கினோம். பன்னிரண்டு, பதின்மூன்று. வெளியே இன்னும் நல்ல வெளிச்சம். எதிர்வீட்டுக் கிழவர் செடிக்குத் தண்ணீர் விடுவதை நிறுத்திவிட்டு எங்களைப் பார்த்தார். இருபத்தொன்றில் வதனி அக்காவின் வேலி முடிந்தது. இருபத்தாறில் பக்கத்து வீட்டு வாசலுக்கு முன்னால் நின்றோம்.

அவர் திரும்பித் தன் வீட்டைப் பார்த்தார். திறந்த கதவில் ரீனா படத்தைக் கையில் பிடித்துக்கொண்டு நின்றிருந்தாள்.

“இவ்வளவுதானே” என்றார் வதனி அக்கா.

அவர் எனக்காகக் காத்திருக்கவில்லை. இரண்டு கையிலும் எதையோ ஏந்தியிருப்பவர் போல முன்னால் நீட்டிக்கொண்டு, ஒன்றிலிருந்து மறுபடியும் எண்ணிக்கொண்டே, வீட்டை நோக்கி மெதுவாக நடக்கத் தொடங்கினார்.